பதினைந்து வயதுக்குக் கொடுக்க, நாம் மறந்துபோன சில நாவல்கள்

வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சிறுவர் கதைப் புத்தகம் சின்னதாகிப் போச்சு. பெரிய நாவல் கொடுத்தால் பத்துப் பக்கத்தோடு திருப்பித் தருகிறார்கள். பொன்னியின் செல்வன் எல்லாருக்கும் தெரியும். இப்போது யாரும் கதைக்காத பழைய நாவல்களில் இந்த வயதுக்குப் பொருந்துகிறவை இருக்கா ஐயா?"

இருக்கு தங்கச்சி, நிறைய இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கம் படிப்பித்தேன். பள்ளிக்கூட நூலக அலுமாரித் திறப்பு பெரும்பாலும் என் பையில்தான் கிடந்தது. எந்தப் புத்தகம் வெளியே போய் வாரக்கணக்கில் வராமல் இருந்தது, எது மறுநாளே மட்டை கசங்காமல் வந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தமிழில் இந்த வயதுக்கென்று தனியாக அலுமாரி ஒன்று கிடையாது. சிறுவர் இலக்கியம் முடிந்தால் நேரே பெரியவர்களின் நாவல். ஆனால் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட நாவல்கள் சிலவற்றின் நடுவில், பதினைந்து பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை நிற்கும். வீட்டுப் படலையைத் தாண்டித் தானே ஒரு முடிவெடுக்கும், அதன் பாரத்தையும் தானே சுமக்கும். நான் தேடுவது அதைத்தான். கதாநாயகனின் வயதை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தால் பிழையாகிப்போகும். அந்தப் பிள்ளை எடுத்த முடிவுக்கு விலை கொடுக்கிறதா என்று பாருங்கள். அப்படியான புத்தகத்தைப் பதினைந்து வயது கீழே வைக்காது.

முதலில் நிலக்கிளி. அ. பாலமனோகரன் எழுதி 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்தது. பாலமனோகரன் நம்முடைய தண்ணீரூற்றுக்காரர், பிறகு டென்மார்க்கில் குடியேறியவர். கதை நடப்பது தண்ணிமுறிப்பில். குமுழமுனைக்கு அங்காலே, குருந்தூர்மலைப் பக்கம் உள்ள அதே தண்ணிமுறிப்புத்தான். கோணாமலையர் என்ற வசதியான கமக்காரரின் மகன் கதிராமன், பதஞ்சலி என்ற பிள்ளையை விரும்புகிறான். தகப்பன் மறுக்கிறார். அவன் தகப்பனின் சொத்தில் ஒரு துரும்பும் எடுக்காமல் வெளியேறி, அவளோடு குடிசை போட்டு, காட்டை வெட்டித் தனக்கென்று நிலம் எடுக்கிறான். அப்புறம் ஊருக்கு சுந்தரலிங்கம் என்ற வாத்தியார் வருகிறார். புயல் அடிக்கும் ஒரு இரவும் வருகிறது. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

நிலக்கிளி உயரப் பறக்காத பறவை. நிலத்தை ஒட்டியே வாழும், இலகுவில் பிடிபட்டுவிடும். பதஞ்சலிக்கு அந்தப் பெயர் ஏன் என்று கடைசிப் பக்கங்களில் விளங்கும்போது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். கதிராமன் பிழையா, பதஞ்சலி பிழையா, வாத்தியார் பிழையா என்று பிறகு ஒரு வாரம் சண்டை பிடிப்பார்கள். விட்டுவிடுங்கள், பிடிக்கட்டும். ஆசிரியர் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். அந்த நாவலும் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை.

2010இல் மீள்குடியேறி வந்து, தறப்பாள் கூரைக்குக் கீழே வகுப்பு நடத்திய காலம். என்னிடம் இருந்தது போட்டோ பிரதி எடுத்த நிலக்கிளி ஒன்று. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பெடியன் ஒருவன் இருந்தான். பாடப்புத்தகத்தில் நாலு வரி தாண்டமாட்டான். அவனை எழுப்பி, காட்டுக்குள் போகிற பகுதி ஒன்றை வாசிக்கச் சொன்னேன். தட்டித் தடவி அரைப் பக்கம் வந்தவன் நிறுத்திவிட்டு, "சேர், இது எங்கட ஐயா கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டவில்லை. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவனுக்கு முதலே தெரிந்திருந்தது. பாலையும் முதிரையும் வீரையும், உடும்பும் மரையும், குளக்கட்டும், தண்ணீர் திறந்துவிடும் துருசும், குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் வானும் அவன் வீட்டுச் சொற்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குச் சின்னப் புத்தகம் கொடுப்பதுதான் வழக்கம். வன்னியில் நான் கண்டது வேறு. தெரிந்த மண்ணைக் கொடுத்தால் தடித்த புத்தகத்தையும் அந்தப் பிள்ளை கடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது பத்தாம் ஆண்டில் இருக்கிற பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தது. தண்ணிமுறிப்புச் சனம் 1984இல் ஊரை விட்டு இடம்பெயர்ந்தது. ஆக, அங்கே சனம் இருந்து வயல் செய்து மாடு கட்டிச் சண்டை பிடித்துச் சேர்ந்து வாழ்ந்த நாட்களை அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனே சரியாகக் கண்டிருக்கமாட்டார்கள். பேரனோ பேத்தியோ நிலக்கிளியை வீட்டில் சத்தமாக வாசித்தால், திண்ணையில் இருக்கிற அம்மம்மா நடுவில் கதைக்கத் தொடங்குவார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தப் புத்தகங்கள் ஏன் மறந்துபோயின என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1970களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்து வரும் சஞ்சிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் இங்கே கட்டுப்பாடு வந்தது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரி பிரசுரம் போன்றவை ஈழத்து நாவல்களைக் கைக்கடக்கமாக, மலிவாக அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பின. எங்கள் ஊர்க் கடையில் சீனி, மண்ணெண்ணெயோடு சேர்த்து நாவலும் வாங்கியிருக்கிறோம். பிறகு யுத்தம். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சனம் தூக்கிக்கொண்டு ஓடினது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. நாவலை யார் தூக்குவார்? வீட்டு அலுமாரியோடு அவை போயிற்று. மறுபதிப்பு வந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. நம்முடைய நூலகங்களில் இப்போது கடந்தகால வினாத்தாள் புத்தகங்கள்தான் முன்தட்டில்.

நிலக்கிளி பிடித்துப்போன பிள்ளைக்கு அதே ஆசிரியரின் குமாரபுரம் கொடுக்கலாம். செங்கை ஆழியானின் காட்டாறும் கொடுக்கலாம். அது 1977இல் வந்த நாவல், வன்னிக் கமக்காரரை வெளியில் இருந்து வந்தவர்களும் பணமும் பதவியும் உள்ளவர்களும் எப்படி உரித்தார்கள் என்பதுதான் கதை. செங்கை ஆழியான் என்ற க. குணராசா இந்தப் பக்கத்தில் அரச நிர்வாக அதிகாரியாக வேலை செய்தவர், கந்தோரின் உள்ளும் புறமும் தெரிந்து எழுதினார். ஆனால் காட்டாற்றை நான் பதினாறுக்கு முன் கொடுக்கமாட்டேன். கோபம் வரவேண்டிய புத்தகம் அது, கோபப்படக் கொஞ்சம் உலகம் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வகுப்புக்கு அவருடைய முற்றத்து ஒற்றைப்பனை போதும். பட்டம் விடுகிற பைத்தியம் உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள். தை மாதக் காற்றில் பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதில் எதுவும் விளக்கத் தேவையில்லை. கரையோரப் பிள்ளைகள், அதாவது முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் வாடைக்காற்று. 1973இல் வந்தது, நெடுந்தீவில் வாடி, அதாவது கரையோரக் கொட்டில், போட வரும் மீனவரின் கதை. 1978இல் படமாகவும் வந்தது.

கடல் பிடித்த பெண்பிள்ளைக்கு அடுத்ததாக வண்ணநிலவனின் கடல்புரத்தில். 1977இல் வெளியான சின்ன நாவல், தென்தமிழ்நாட்டுக் கரையில் நடப்பது. பிலோமி என்ற இளம்பெண்ணின் காதலும், வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும் லாஞ்சு என்ற இயந்திரப் படகுக்காரருக்கும் நடக்கும் சண்டையும் ஒன்றாகப் போகும். காதலித்து ஏமாந்த ஒரு பெண்ணைச் சாகவும் விடாமல், பழிவாங்கவும் விடாமல், அவள் பாட்டில் அவளை நிமிர்ந்து நிற்க விட்ட தமிழ் நாவல்கள் அதிகம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பெண்பிள்ளைகளின் கையில் அது போகவேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அடுத்தது நான் இந்தப் பதிலில் மிகவும் சொல்ல விரும்புகிற புத்தகம். சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் எழுதிய முதல் ஆசிரியர். கிர்கிஸ்தான் மலைக் கிராமம் ஒன்று, 1920கள். துய்ஷேன் என்ற இளைஞன், படையில் இருந்துவிட்டு வந்தவன், ஊருக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறேன் என்கிறான். ஊர் சிரிக்கிறது. மேட்டில் கைவிட்டுக் கிடந்த குதிரை லாயத்தைத் தனி ஆளாகத் துப்புரவாக்கி, மண் பூசி, அதைப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அவனுக்கே எழுத்து அரைகுறை. தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறான்.

அல்தினாய் என்ற அனாதைப் பிள்ளை சிற்றம்மா வீட்டில் அடி வாங்கி வளர்கிறாள். குளிர்காலத்துக்கு எரிக்க, சாக்கில் சாணி வறட்டி பொறுக்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு அந்த லாயத்தடியால் வருகிறாள். உங்களுக்கும் இங்கே படிப்பு வரப்போகிறது என்று துய்ஷேன் சொல்லி அனுப்புகிறான். கொஞ்சத் தூரம் போனதும், பள்ளிக்கூடத்துக்கும் எரிக்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் மாட்டோம் என்கிறார்கள். அவள் மட்டும் திரும்பி ஓடிப்போய்த் தன் சாக்கை அங்கே கவிழ்த்துவிட்டு, வெறும் சாக்கோடு மறுபடி பொறுக்கப் போகிறாள். வீட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தேதான் போகிறாள். இந்த ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்துவிட்டு, "நீங்கள் என்றால் கவிழ்ப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாக யோசித்துப் பதில் சொல்வார்கள்.

பாலம் இல்லாத ஆற்றில், குளிர்ந்த தண்ணீரில், சின்னப் பிள்ளைகளைத் துய்ஷேன் முதுகிலும் கையிலுமாகத் தூக்கிக் கடக்கிறான். குதிரையில் போகிற பணக்காரர் அதைப் பார்த்துக் கேலி பண்ணுகிறார்கள். மாரியில் வான் பாய்ந்து, றோட்டை மூடி வெள்ளம் ஓடும்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கி அக்கரை விட்ட ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். மர நிழலிலும் கொட்டிலிலும் படித்து ஆளான தலைமுறை நாங்கள். அதனால்தானோ என்னவோ, கிர்கிஸ்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கும் இந்தக் கதையில் ஒரு இடமும் அந்நியமாகத் தெரிவதில்லை. பதினாலு வயது அல்தினாயை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பகுதி கொடியது, ஆனால் ஐத்மாத்தவ் அதை அளவோடுதான் எழுதுகிறார். துய்ஷேன் என்ன செய்தான், அவள் எங்கே போனாள், பல வருஷம் கழித்து அதே ஊரில் புதுப் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று கிழவன் துய்ஷேன் எங்கே நின்றான் என்பதெல்லாம் பிள்ளைகள் தாங்களே வாசித்து அறியவேண்டியது. குறுநாவல்தான், இரண்டு பின்னேரம் போதும். முன்பு மொஸ்கோவில் இருந்து தமிழில் அச்சாகி, நல்ல கட்டில், நம்ப முடியாத மலிவுக்கு வந்த புத்தகங்களில் ஒன்று.

அதே வழியில் வந்த இன்னொன்று பரீஸ் பொலெவோயின் உண்மை மனிதனின் கதை. 1942இல் விமானம் விழுந்து, நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாள் ஊர்ந்து வந்த ஒரு விமானியின் உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதியது. இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே எடுபடுகிறது. அவன் மறுபடி விமானம் ஓட்டுகிறான். வன்னியில் இந்தப் புத்தகத்தை எல்லாருக்கும் பொதுவாக எடுத்துக் கொடுக்க ஏலாது. அது யுத்தகாலத்து எழுத்து, வீரத்தை உயர்த்திப் பேசும். இங்கே கால் இழந்த அம்மா, அப்பா, அண்ணன் உள்ள வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 'மனம் வைத்தால் எல்லாம் முடியும்' என்ற பாடமாக அதை வகுப்பில் நடத்தினால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது காயம்.

ஆனால் ஒரு ஆளுக்கு, அவரே கேட்டு வாங்கினால், அந்தப் புத்தகம் செய்கிற வேலை பெரிது. செயற்கைக் கால் போட்ட தம்பி ஒருவர் என்னிடம் இரவல் வாங்கிப் போனார். மாதக் கணக்கில் வரவில்லை. திருப்பித் தரும்போது நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. கதையின் விமானி மெரேஸ்யெவ் பொய்க்காலோடு நடனம் பழகுகிற இடம் அது. ஆடுகிற நேரமெல்லாம் சிரித்த முகத்தோடு இருந்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் போய் வாரைக் கழற்றிக் காலுக்கு ஓய்வு கொடுப்பான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிக்கெட்டை அப்படியே விட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், பூமணியின் வெக்கை. 1982இல் வந்தது. அசுரன் படம் 2019இல் வந்தபிறகு பெயர் பலருக்குத் தெரியும், புத்தகத்தைத் திறந்தவர்கள் குறைவு. படம் பார்த்த பெடியங்களிடம் "படத்தில் தகப்பன்தான் எல்லாம், புத்தகத்தில் மகன்தான் எல்லாம்" என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கிப் போவார்கள். பதினைந்து வயதுச் சிதம்பரம் தன் அண்ணனைக் கொல்லக் காரணமான பணக்காரனை வெட்டுகிறான். கையை மட்டும் எடுக்க நினைத்து அது கொலையாகிப்போகிறது. அதற்குப் பிறகு எட்டு நாள், தகப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். மிச்சம் முழுக்க, எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது, அம்மாவும் தங்கச்சியும் எங்கே படுத்திருப்பார்கள் என்பதுதான். பழிவாங்கலைக் கொண்டாடுகிற கதை என்று பயந்து இதை ஒதுக்கவேண்டாம். ஒரு வெட்டுக்குப் பிறகு ஒரு குடும்பம் எத்தனை துண்டாகச் சிதறுகிறது என்று காட்டுகிற கதை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் நம் பிள்ளைகளுக்குத் தடக்கும். நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டினால் காதுக்குப் பழகிவிடும்.

அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு (1977) இதற்கு நேர்மாறான அமைதியுள்ள புத்தகம். சிக்கந்தராபாத்தில் ரயில்வே உத்தியோகத்தரின் மகன் சந்திரசேகரன், கிரிக்கெட்டும் சைக்கிளும் வீட்டு மாடுமாகத் திரிகிறவன். 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருகிற குழப்பம் அவன் தெருவுக்கு வருகிறது. நேற்று வரை பக்கத்து வீட்டுக்காரர், இன்றைக்கு யாரோ. பெரிய விசயம் எதையும் ஆசிரியர் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, அந்தப் பெடியன் சைக்கிளில் போகும்போது கண்டதைத்தான் சொல்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் இது பிடிக்காது, பொறுமை வேண்டும். ஆனால் வகுப்பில் கடைசி வாங்கில் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் கவனிக்கிற பிள்ளை ஒன்று இருக்குமே, அதற்கு இதைக் கொடுங்கள். கடைசி இரண்டு மூன்று பக்கம் மிகவும் கனமானது, கலவரத்தில் ஒரு பெண்பிள்ளை தன் வீட்டாரைக் காப்பாற்ற எதையும் கொடுக்கத் துணிகிற இடம். நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்தபின் அந்தப் பிள்ளையோடு ஒருதரம் இருந்து கதையுங்கள்.

இவை எல்லாம் இன்னும் தாங்காது என்கிற எட்டாம், ஒன்பதாம் ஆண்டுக்கு கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள். பறவையும் முட்டையும் கூடுமாக அலைகிற வெங்கடேசு என்ற பெடியனின் கதை. ஊரை விட்டுப் படிக்கப் போகவேண்டி வரும்போது அவன் எதையெல்லாம் விட்டுப் போகிறான் என்பது, கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விடுதிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். ஈழத்து நாவல்களுக்கு, நம்முடைய புத்தகங்களை மின்பிரதியாக்கிச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத்தான் முதலில் பாருங்கள். 2005இல் தொடங்கிய அந்த வேலையால்தான் நம்முடைய எத்தனையோ புத்தகம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. நிலக்கிளி அங்கே இருக்கிறது, காசில்லாமல் வாசிக்கலாம். பிள்ளையிடம் போனில் வாசி என்று விடாமல், முடிந்தால் ஒரு பிரதியாவது அச்சில் எடுத்துத் தைத்துக் கொடுங்கள். போனில் திறந்த நாவலை ஐந்தாவது பக்கத்தில் வேறு ஏதாவது வந்து மூடிவிடும். வெக்கையும் பதினெட்டாவது அட்சக்கோடும் காலச்சுவடு பதிப்பில் கிடைக்கின்றன, யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள்.

கொடுக்கிற விதம் பற்றியும் ஒன்று. வாசித்துவிட்டுச் சுருக்கம் எழுதிக்கொண்டு வா என்று சொல்லாதீர்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன், இரண்டு வருஷம் வீணாயிற்று. சுருக்கம் எழுதவேண்டும் என்று தெரிந்த பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவிடம் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வரும். பின்மட்டையில் ஒரு தாள் ஒட்டி, வாசித்தவர் பெயரும் தனக்குப் பிடித்த பக்க எண்ணும் மட்டும் எழுதட்டும். அடுத்து எடுக்கிற பிள்ளை முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டும்.

என்னிடம் முதல் ஆசிரியர் பழைய மொஸ்கோப் பதிப்பு ஒன்று இருக்கிறது. மேல்மட்டை போய்விட்டது, வெள்ளை உரை போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை முல்லைத்தீவுக்கு வரும் வேலை உண்டு, வரும்போது புதுக்குடியிருப்பில் இறங்கித் தருகிறேன். நடுவில் நாலைந்து தாள் ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிடக்கும். இழுத்துக் கிழிக்காமல், வெயிலில் கொஞ்சம் காயவைத்து மெல்லப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்கிற இடம் அதற்குள்தான் இருக்கிறது.